லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ்: எழுத்துருவும் நிறமும் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

எங்கள் குடியிருப்பில் போன ஆண்டு ஒரு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. தலையில் ஷாம்பூ நுரையோடு நின்றவர்கள் மூன்று பேர் என்று பிறகு கணக்கெடுத்தார்கள். அதில் நானும் ஒருவன். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர் காபி டம்ளரோடு வந்து நிதானமாகச் சொன்னார்: "தொட்டி கழுவுறோம்னு நோட்டீஸ் ஒட்டி நாலு நாளாச்சே தம்பி. லிஃப்ட் பக்கத்துலயே இருக்கே, பாக்கலியா?"

பார்த்திருந்தேன். நாலு நாளும் அதன் எதிரே நின்றுதான் லிஃப்டுக்காகக் காத்திருந்தேன். படிக்கத்தான் இல்லை.

கீழே போய்த் திரும்பப் பார்த்தேன். ஏ4 தாள். மேல் கால்வாசியைச் சங்கத்தின் பெயரே பிடித்திருந்தது, பச்சையில், நிழல் விழுந்த கொழுத்த எழுத்தில். அதன்கீழ் ‘அறிவிப்பு’ என்று சிவப்பில், அடிக்கோட்டோடு. விஷயம் முழுவதும் ஒரே பத்தி. எல்லா வரியும் நடுவில் நிறுத்தப்பட்டு, எல்லாமே போல்டு. தேதியும் நேரமும் முக்கியம் ஆயிற்றே என்று அவற்றை மட்டும் மஞ்சளில் போட்டிருந்தார். வெள்ளைத் தாளில் மஞ்சள் எழுத்து. எது முதலில் கண்ணில் பட வேண்டுமோ அது தாளிலேயே இல்லாத மாதிரி இருந்தது.

நான் டிடிபி சென்டரில் பத்து வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். அது தெரிந்ததும் செயலாளர், "அப்ப ஒருவாட்டி உக்காந்து சொல்லிக் குடுங்க" என்றார். ஒரு ஞாயிறு மாலை இரண்டு பேரும் அந்த நோட்டீஸையே எடுத்து மறுபடி செய்தோம். அன்றைக்குச் செய்ததை, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது பள்ளிச் சுற்றறிக்கையோ, கடை விலைப்பட்டியலோ, விண்ணப்பக் கடிதமோ, எதுவானாலும் இதே வரிசையில் போகலாம்.

எங்கே, யார், எவ்வளவு தூரத்தில்

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இதை எங்கே வைத்துப் படிப்பார்கள்? யார் படிப்பார்கள்? கண்ணுக்கும் எழுத்துக்கும் எவ்வளவு தூரம்?

எங்கள் நோட்டீஸுக்கு விடைகள் இவை. இடம், பாதி நாள் கண்சிமிட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே. படிப்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வாக்கிங் கிளம்புகிறவர்கள். தூரம், மூன்று நாலு அடி. அப்புறம் செயலாளர் யோசிக்காத ஒன்றும் இருந்தது. யாராவது ஒருவர் அதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அப்போது அந்த ஏ4 தாள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிவிடும்.

இதை எழுதி முடித்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது. மங்கலான வெளிச்சம் என்றால் வெளிர்நிறங்கள் கூடாது. வயதானவர்கள் என்றால் மெல்லிய எழுத்து கூடாது. போனில் சுருங்கும் என்றால் வரிகள் குறைய வேண்டும். பிடித்த எழுத்துரு, பிடித்த நிறம் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எழுத்து யூனிகோடா என்று பாருங்கள்

ஆங்கிலத்துக்கு இல்லாத இந்த ஒரு படி தமிழுக்குக் கூடுதலாக உண்டு. யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுத்துவைத்திருக்கும் உலகப் பொதுக் குறியீடு. செயலாளரின் பழைய நோட்டீஸ் பாமினியில் இருந்தது. பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்திருப்பார்கள். நமக்குத் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளின் குவியல். அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் கோப்பைத் திறந்தால் குப்பையாக வரும். தேடினால் கிடைக்காது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளும் அதைத் தமிழாகப் படிக்காது.

சோதிப்பது எளிது. ஒரு வரியைக் காப்பி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வந்தால் பழைய குறியீடு. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடை அதிகாரபூர்வக் குறியீடாக ஏற்றுவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேறெதையும் தொட வேண்டியதில்லை. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஆனால் மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்துவிடுங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழ் என்று எண்ணிக் கடித்துத் துப்பிவைத்திருக்கும்.

டிடிபி கடைக்காரர்கள் ஏன் இன்னும் பழையதை விடவில்லை என்று கேட்கலாம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. போட்டோஷாப் போன்ற மென்பொருள்களில் வெகுகாலம் யூனிகோடு தமிழ் உடைந்துதான் வந்தது. கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் நிற்கும், புள்ளி அந்தரத்தில் தொங்கும். இன்றைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு என்ற தெரிவை அமைப்புகளுக்குள் போய்த் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். தெரியாதவர்கள் அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடுவதால்தான், உடைந்த கொம்போடு பிளக்ஸ் பலகைகள் இன்னும் சாலையோரம் நிற்கின்றன.

ஓர் எழுத்துரு போதும்

புதியவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. வேர்டில் தமிழ் வரியைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் உள்ள அழகான பெயர்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பார்கள். எழுத்து அசையவே அசையாது. அந்த எழுத்துருக்களில் தமிழே கிடையாது என்பதுதான் காரணம். மென்பொருள் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைச் சத்தமில்லாமல் போட்டுவிடுகிறது. வேர்டின் எழுத்துருப் பெட்டியைத் திறந்தால் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு தனிப் பகுதி இருக்கும். தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் அங்கேதான் சொல்ல வேண்டும். இது தெரியாமல் நானே முதல் வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது? விண்டோஸில் பழைய லதா உண்டு. விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யுஐ வருகிறது. மேக்கில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி இருக்கிறது. இவை போதாது என்றால் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்: நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்த கட்டமரான். இவை எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடும் கோடுகளால் ஆனவை. அறிவிப்பு, கடிதம், பட்டியல் எல்லாவற்றுக்கும் ஏற்றவை. பல பக்கங்கள் ஓடும் ஆண்டறிக்கை, மலர் போன்றவற்றுக்கு மெல்லிசும் தடிப்பும் மாறிமாறி வரும் நோட்டோ செரிஃப் தமிழ், டிரோ தமிழ் போன்றவை புத்தகத் தோற்றம் தரும். பலூ தம்பி, கவிவாணர் எல்லாம் தலைப்புக்கும் வாழ்த்து அட்டைக்கும். அவற்றில் ஒரு பக்கம் முழுக்க எழுதினால் சாப்பாடு முழுக்க ஊறுகாய் போட்டுப் பிசைந்த மாதிரி ஆகிவிடும்.

பெயர்ப் பட்டியலைப் பார்த்துத் தயங்க வேண்டாம். இரண்டு மூன்றை எடுத்து, கீழ்க்கண்ட வரியை அவற்றில் அடித்துப் பாருங்கள்:

ஸ்ரீ விநாயகா நகர், ஞாயிறு காலை 10.30, ₹1,250, கொழுக்கட்டை, தூண், தூண்கள், ஔவை, ஏழூர்

இந்த வரியை நான் காரணமாகத்தான் வைத்திருக்கிறேன். ரூபாய்க் குறி 2010-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அந்த இடம் வெறும் கட்டமாக நிற்கும். (அந்தக் குறியை வடிவமைத்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர், தமிழ் எழுத்துருவில் ஆராய்ச்சி செய்தவர் என்பதை இந்தச் சாக்கில் சொல்லிக்கொள்கிறேன்.) ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா? காலும் ‘ர’வும் பார்த்ததும் வேறுபடுகின்றனவா? ‘ண்’ணில் மூன்று சுழியும் எண்ண முடிகிறதா, இல்லை ஒரு கறுப்புக் கட்டியாகத் தெரிகிறதா? ‘ஏ’யின் கீழ்க்கோடு தனியாகத் தெரிகிறதா? அதுதான் ‘எ’யையும் ‘ஏ’யையும் பிரிக்கிறது.

முக்கியமாகப் புள்ளி. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். படிக்கிறவர் பொருளைப் பார்த்துப் புள்ளியைப் போட்டுக்கொள்ள வேண்டும். 8 பாயிண்ட் பொடி எழுத்தில், தேய்ந்த டோனரில் நோட்டீஸ் அடிக்கும்போது நாமும் சுவடிதான் எழுதுகிறோம்.

செயலாளரும் நானும் முக்தா மலரை எடுத்தோம். சுழிகள் திறந்து தெரிந்தன. மெலிந்ததிலிருந்து தடித்தது வரை ஒரே குடும்பத்தில் 7 தடிமன்கள் இருந்தன. அதனால் இரண்டாவது எழுத்துருவே தேவைப்படவில்லை. தலைப்புக்குத் தடித்தது, உள்ளே சாதாரணம், அவ்வளவுதான். அவருக்குத் தலைப்பில் மட்டுமாவது நிழல் வேண்டும் என்று ஆசை. ‘ழ’வுக்கு ஏற்கெனவே போதுமான வளைவுகள் இருக்கின்றன என்று சொல்லி மறுத்துவிட்டேன்.

அளவும் இடைவெளியும்

72 பாயிண்ட் ஓர் அங்குலம். ஆனால் 72 பாயிண்ட் என்று போட்டால் எழுத்து ஓர் அங்குல உயரம் வராது. விசிறி, கொம்பு, கீழே இறங்கும் உகரம் எல்லாவற்றுக்குமான இடத்தையும் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. அதனால் ஓர் எழுத்துருவின் 12 இன்னொன்றின் 12 ஆகாது. லதாவில் 12 போட்டால் பெரிதாகத் தெரியும். விஜயாவில் அதே 12 பொடியாக இருக்கும். எண்ணை நம்பாமல் அச்செடுத்துப் பாருங்கள்.

கையில் பிடித்துப் படிக்கும் கடிதத்துக்கு 11 அல்லது 12. வயதானவர்களுக்கு என்றால் 14. சுவரில் ஒட்டுவதற்குப் பலகை எழுதுகிறவர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: பத்தடித் தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குல உயரம். நாலடிக்குக் கிட்டத்தட்ட அரை அங்குலம் வருகிறது. நோட்டீஸின் முக்கிய வரிகளை இந்தக் கணக்கில் போட்டோம்; சிறிய வரிகளுக்கும் 22-க்குக் கீழே இறங்கவில்லை.

வரிக்கு வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். மேல் வரியின் ‘கூ’ கீழே இறங்கும், கீழ் வரியின் ‘கீ’ மேலே ஏறும். இரண்டும் நடுவழியில் முட்டிக்கொள்ளும். சில எழுத்துருக்கள் இந்த இடைவெளியைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கும், சிலவற்றில் நாம் 1.3, 1.4 என்று கூட்ட வேண்டும். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பட்டை தெளிவாக ஓடினால் சரி.

அடுத்தது ஓரம். ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்துப் பழகியதால் பலரும் தமிழிலும் இரண்டு ஓரத்தையும் நேராக்கிவிடுகிறார்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்ற ஒரே சொல் அரை வரியைத் தின்றுவிடும். அது அடுத்த வரிக்குத் தாவும்போது, மிச்சமிருக்கும் இரண்டு சொற்களையும் இரண்டு ஓரங்களுக்கு இழுத்து நிறுத்திவிடும் மென்பொருள், ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையுமாக. இடது ஓரத்தை மட்டும் நேராக்கி வலது ஓரத்தை அதன் போக்கில் விடுங்கள். நடுவில் நிறுத்துவது இரண்டு வரித் தலைப்புக்கு மட்டும் சரி. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும், கண் தேடிக்கொண்டே இருக்க வேண்டும்.

எதை உரக்கச் சொல்வது

ஆங்கிலத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லப் பெரிய எழுத்து, சாய்வெழுத்து என்று வழிகள் உண்டு. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. சாய்வும் நம் மரபில் இல்லை. சாய் பொத்தானை அமுக்கினால் மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடுகிறது. ‘ட’ விழப்போகிற சுவர் மாதிரி நிற்கும். நூலின் பெயருக்கு மேற்கோள்குறி போட்டால் போதும். அடிக்கோடு இன்னும் மோசம்: ‘ழ’, ‘ற’ இவற்றின் கால்களையும் கீழே இறங்கும் உகரங்களையும் குறுக்கே வெட்டிப்போகும்.

ஆக மிஞ்சுவது அளவு, தடிமன், இடம், நிறம். இந்த நான்கில் ஒரு நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பழைய நோட்டீஸில் எல்லாமே போல்டு. கல்யாண மண்டபத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிற மாதிரி, யார் என்ன சொன்னார் என்றே தெரியாது. தவிரவும், சிறிய அளவில் போல்டு போட்டால் ‘ண’, ‘ஞ’, ‘ஐ’ ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

நான் செயலாளரிடம் கேட்டேன்: "நோட்டீஸைப் பாத்துட்டு ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா எது சார்?" அவர் கொஞ்சம் யோசித்து, "தண்ணி வராது. என்னிக்கு, எப்போ" என்றார். அதையே மேலே போட்டோம்.

முதல் வரி, ‘தண்ணீர் வராது’, 66 பாயிண்ட், தடித்த எழுத்து. அதன்கீழ் ‘வியாழன், காலை 7 முதல் மதியம் 1 வரை’, 48 பாயிண்டில், இரண்டு வரியாக மடக்கி, தேதியோடு. ஒரு விரற்கடை வெற்றிடம். பிறகு 24-இல் சாதாரண எழுத்து: ‘மேல்தொட்டி கழுவுகிறோம். புதன் இரவே வேண்டிய தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள்.’ அவ்வளவுதான். ‘இதன்மூலம் அனைத்துக் குடியிருப்பாளர்களுக்கும் தெரிவித்துக்கொள்வது யாதெனில்’ வெளியே போனது. சங்கத்தின் பெயரைக் கீழே 22-இல் வைத்தேன். அங்கேதான் சண்டை வந்தது. பெயர் மேலே இல்லாவிட்டால் செயற்குழுவில் கேள்வி வரும் என்றார். சரி, மேலேயே இருக்கட்டும், ஆனால் அதே 22-இல் என்று முடிவானது.

இப்போது நிறம்

வேண்டுமென்றே இதைக் கடைசியில் வைத்தேன். நிறமே இல்லாமல், கறுப்பு வெள்ளையில் ஒரு தாள் சரியாகப் படிக்க வந்தால், அதற்குப் பிறகு நிறம் சேர்ப்பது சுலபம். படிக்க வராத தாளை நிறம் காப்பாற்றாது.

எழுத்தின் நிறத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஓர் எண்ணாகச் சொல்லிவிடலாம். வெள்ளையில் கறுப்புக்கு 21. அதற்கு மேல் கிடையாது. இணையப் பக்கங்கள் எல்லோருக்கும் படிக்க வர வேண்டும் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வகுத்த நெறிமுறை, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 என்கிறது. இதை வைத்துக்கொண்டு பாருங்கள். வெள்ளையில் மஞ்சளுக்கு 1.07, அதாவது, இல்லை என்றே அர்த்தம். ஆரஞ்சு 2-ஐத் தொடாது. எல்லோரும் ‘பளிச்’ என்று நினைக்கும் சுத்தச் சிவப்புக்கு 4 மட்டுமே; தலைப்புக்கு ஆகும், பொடி எழுத்துக்கு ஆகாது. மெரூன் கிட்டத்தட்ட 11. கரும்பச்சை 7-க்கு மேல். ஆழ்ந்த கடல்நீலம் 12-ஐத் தாண்டும். மஞ்சளையே தூக்கிப் பின்புலத்தில் போட்டு மேலே கறுப்பில் எழுதினால் 19-க்கு மேல். நிறம் ஒன்றுதான், இடம் மாறியதும் கதையே மாறிவிடுகிறது. ‘காண்ட்ராஸ்ட் செக்கர்’ என்று தேடினால் இதைக் கணக்கிட்டுத் தரும் இலவசப் பக்கங்கள் நிறைய உண்டு. இரண்டு நிறங்களையும் கொடுத்தால் எண் வரும்.

நிறங்களின் எண்ணிக்கை: கறுப்பு, அதோடு இன்னொன்று. எங்கள் நோட்டீஸில் ‘தண்ணீர் வராது’ என்பதும் நாளும் நேரமும் கடல்நீலம், மற்றதெல்லாம் கறுப்பு. வேர்டில் கூடுதல் நிறங்கள் என்ற இடத்தில் சிவப்பு 0, பச்சை 51, நீலம் 102 என்று கொடுத்தால் அந்த நீலம் கிடைக்கும். எண்களைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை கண்மதிப்பில் தேடினால் வேறு நீலம்தான் வரும்.

ஏன் சிவப்பு வேண்டாம் என்றோம்? நம் ஊரில் நிறங்கள் சும்மா வருவதில்லை. கறுப்பும் சிவப்பும் மேலும் கீழுமாகப் பட்டையாக நின்றால் தி.மு.க. கொடி. காவி, பச்சை, நீலம் என்று எதைத் தொட்டாலும் ஏதோ ஒரு கொடியின் ஞாபகம் யாருக்காவது வரத்தான் செய்யும். பெரிய பட்டைகளாக, ஜோடி ஜோடியாகப் போடாமல் இருந்தால் தப்பித்தோம். தடித்த கறுப்புக் கட்டமும் ஆபத்து. முதல் வரைவில் நோட்டீஸைச் சுற்றி அப்படி ஒன்று போட்டிருந்தேன். அச்செடுத்து மேசையில் வைத்ததும் செயலாளரின் மனைவி எட்டிப் பார்த்து, "யாரு தவறிட்டாங்க?" என்று கேட்டார். கட்டத்தை எடுத்துவிட்டோம்.

நிறத்தை மட்டும் நம்பி எந்தச் செய்தியையும் சொல்லாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலராவது எந்தக் கூட்டத்திலும் இருப்பார்கள். எங்கள் சங்கத்தின் பராமரிப்புக் கட்டணப் பட்டியலில் கட்டியவர் பச்சை, கட்டாதவர் சிவப்பு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினார்கள். எல்லோரும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டார்கள். பாக்கிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இப்போது எதிரே ‘பாக்கி’ என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறோம்.

திரையிலிருந்து தாளுக்குப் போகும்போது நிறம் மாறும். திரை ஒளியால் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது. போனில் மின்னுகிற நீலம் அச்சில் ஊதாப் பக்கம் சாய்ந்து மங்கிப்போகும், கிளிப்பச்சை வாடிப்போகும். கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். ஆஃப்செட் அச்சகத்தில் கொடுப்பதானால், பொடி எழுத்து தனிக் கறுப்பு மையில் மட்டும் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள். வண்ண அச்சின் நாலு மையும் சேர்ந்த கறுப்பு என்றால், தகடு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் அளவையும் தடிமனையும் கூட்டுங்கள். மை பரவிப் புள்ளிகளை விழுங்கிவிடும்.

ஒட்டுவதற்கு முன்

ஒரு பிரதி அச்செடுத்து, எங்கே ஒட்டப் போகிறீர்களோ அதே இடத்தில் ஒட்டுங்கள். நாலடி தள்ளி நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிறகு, அதில் சம்பந்தமே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டு மூன்று நொடி காட்டிவிட்டு மறைத்துக்கொண்டு, "என்னிக்கு?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தவர் பால் போட வந்த தம்பி. "வியாழக்கெழம தண்ணி வராதாண்ணே?" என்றார். தேர்வு முடிந்தது.

போட்டோ எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பெரிதாக்காமல் படித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸும் எடுங்கள். எந்த வரி காணாமல் போகிறதோ அதன் நிறத்தை மாற்றுங்கள். கோப்பை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கியே அனுப்புங்கள். எழுத்துரு உள்ளேயே போய்விடும், அந்தப் பக்கத்துக் கணினியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை.

மற்ற தாள்களுக்குச் சில குறிப்புகள்

அலுவலகத்துக்கு எழுதும் விண்ணப்பம், மனு: கறுப்பு மட்டும், ஓர் எழுத்துரு, 12 பாயிண்ட். பொருள் என்ற வரியை மட்டும் தடிமனாக்கலாம். கையெழுத்துக்குப் பச்சை மை வேண்டாம். அது கெசட்டட் அதிகாரிகளுக்கு என்று ஆகிவிட்ட வழக்கம்.

விலைப்பட்டியல், வரவு செலவு: எண்களை வலது ஓரத்தில் நேராக்குங்கள். ஒன்றுக்குக் கீழ் ஒன்று, பத்துக்குக் கீழ் பத்து நிற்க வேண்டும். சில எழுத்துருக்களில் 1 ஒல்லியாகவும் 8 குண்டாகவும் இருக்கும். அவற்றில் பத்தி கோணிக்கொண்டு போகும், அப்படியானால் எண்களுக்கு மட்டும் வேறு எழுத்துரு வைத்தால் தப்பில்லை. எல்லாக் கட்டத்துக்கும் கோடு போட்டால் ஜன்னல் கம்பி வழியே படிப்பது மாதிரி இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு லேசான சாம்பல் அடித்தால் போதும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்த தாள் என்றால், இரண்டும் ஒரே குடும்பத்தில் இருக்கும் எழுத்துருவை எடுங்கள். முக்தா மலர், கட்டமரான், ஹிந்த் மதுரை மூன்றிலும் உண்டு. தனித்தனியாக எடுத்தால் ஒன்று யானையாகவும் ஒன்று பூனையாகவும் நிற்கும்.

கல்யாணப் பத்திரிகையில் மட்டும் என் பேச்சை யாரும் கேட்பதில்லை. தங்கநிறம் வேண்டும் என்பார்கள், ஜிகினா வேண்டும் என்பார்கள். போகட்டும், ஆனால் நாள், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி மூன்றையும் மெரூனிலோ கறுப்பிலோ போடச் சொல்லுங்கள். வெளிர் தாளில் தங்க எழுத்து, பிடிக்கும் கோணத்தைப் பொறுத்துத் தெரியும், மறையும். பஸ்ஸில் உட்கார்ந்து மண்டபத்தின் பெயரைத் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

எல்லாம் சரியாக வந்ததும் அந்தக் கோப்பில் ஒரு வெற்றுப் பிரதி எடுத்து, ‘நோட்டீஸ் அச்சு’ என்று பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை சொற்களை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் செயலாளர் தைப்பொங்கல் நோட்டீஸை அதிலேயே, என்னைக் கேட்காமல், தானே செய்துவிட்டார். ஒரே எழுத்துரு, ஒரே நீலம், நாளும் நேரமும் மேலே பெரிதாக. அடியில் மட்டும் பொங்கல் பானையிலிருந்து நுரை மஞ்சளாகப் பொங்கிக்கொண்டிருந்தது. படம்தானே, படிக்க வேண்டிய எழுத்து இல்லையே என்று நானும் விட்டுவிட்டேன்.